பழைய குளிர்பதனக் கருவிகளில் வாயு மாற்றம்

ஓசோன் படலத்தைச் சிதைக்கும் குளிர்பதன வாயுவைப் பழைய ஃபிரிட்ஜ், ஏ.சி., பால் குளிர்விப்புத் தொட்டி போன்றவற்றிலிருந்து வெளியே எடுத்து, ஓசோனைப் பாதிக்காத வாயுவை நிரப்பி அவற்றைத் தொடர்ந்து இயக்கும் பணி. ஆர்-12, ஆர்-22 ஆகியவை இவ்வாறு மாற்றப்படும் முக்கிய வாயுக்கள். இவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் அரசு கட்டுப்படுத்துகிறது. ஏற்கெனவே இயந்திரங்களுக்குள் இருக்கும் வாயு சிலிண்டருக்குப் போகுமா, வானத்துக்குப் போகுமா என்பது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் வேலை செய்யும் மெக்கானிக்குகளின் கையில் இருக்கிறது.

அறிவியல் பின்னணி

ஆர்-12 குளோரோஃபுளோரோகார்பன் (சி.எஃப்.சி.) வகையைச் சேர்ந்தது. தீப்பிடிக்காது, நஞ்சும் குறைவு என்பதால் 1930களிலிருந்து உலகெங்கும் பரவியது. எளிதில் சிதையாத இதன் இயல்பே பின்னர் கேடாக முடிந்தது. சுமார் 100 ஆண்டுகள் வளிமண்டலத்தில் தங்கி, மேலடுக்குக்குச் சென்று, புற ஊதாக் கதிர்பட்டு உடைந்து குளோரின் அணுவை விடுவிக்கிறது. ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கக்கூடும். மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் இதை வெளியிட்டனர். 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் துளை இருப்பது அறிவிக்கப்பட்டது.

இந்த வாயுக்களின் இரண்டாவது கேட்டைக் கண்டறிந்தவர் சென்னையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். இளம் பொறியாளராகச் செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதன நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, கருவிகளிலிருந்து வாயு ஏன் கசிகிறது என்று ஆராய்வது அவருடைய பணியாக இருந்தது. பின்னர் அமெரிக்காவில், சி.எஃப்.சி. மூலக்கூறு ஒன்று கரியமில வாயு மூலக்கூறுகள் பத்தாயிரத்துக்கு நிகராக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று 1975இல் காட்டினார்.

இந்தியாவில் கட்டுப்பாடு

ஓசோனைச் சிதைக்கும் பொருட்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தானது. இந்தியா 1992 ஜூனில் அதில் இணைந்தது. ஓசோன் சிதைப்புப் பொருட்கள் (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000 ஜூலையில் வந்தன. சி.எஃப்.சி. தயாரித்த நான்கு இந்திய நிறுவனங்களுள் ஒன்றான கெம்பிளாஸ்ட் சன்மார், மேட்டூரில் ஆலை நடத்தியது. ஆஸ்துமா இன்ஹேலருக்கான மருந்துத் தர வாயு தவிர, சி.எஃப்.சி. உற்பத்தி 2008 ஆகஸ்ட் 1 அன்று நிறுத்தப்பட்டது. இது உடன்படிக்கையின் கெடுவுக்கு 17 மாதங்கள் முன்னதாகும்.

அடுத்த கட்டம் ஹைட்ரோகுளோரோஃபுளோரோகார்பன் (எச்.சி.எஃப்.சி.) வகையைச் சேர்ந்த ஆர்-22. ஓசோனை இது ஆர்-12ஐ விட மிகக் குறைவாகவே சிதைக்கும். ஆனால் ஏ.சி.களில் பெருமளவு பயன்பட்டதால் மொத்தப் பாதிப்பு பெரிது. வளரும் நாடுகள் எச்.சி.எஃப்.சி. பயன்பாட்டை 2020இல் 35 விழுக்காடும், 2025இல் 67.5 விழுக்காடும் குறைக்க வேண்டும். 2030இல் நிறுத்த வேண்டும். பழைய கருவிகளின் பராமரிப்புக்காக மட்டும் 2040 வரை சிறு அளவு அனுமதி உண்டு. 2020இன் தொடக்கத்தில் இந்தியா 44 விழுக்காடு குறைத்திருந்தது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அருகருகே அமைந்த இவ்விரு ஊர்களும் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ராஜபாளையத்தின் அடையாளம் நூற்பாலைகள். நூல் அறுந்துபோகாமலிருக்க ஆலைக்குள் ஈரப்பதம் வேண்டும். நூற்பாலைகளில் பொதுவாகத் தண்ணீரைத் தூவி, அதன் வழியாகக் காற்றைச் செலுத்தி இதைப் பெறுகிறார்கள். இம்முறைக்குக் குளிர்பதன வாயு தேவையில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரின் நிலை வேறு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்கு ஆதாரம் சுற்றுவட்டாரக் கிராமங்களின் பால். கறந்த பாலை விரைவில் 4 பாகை செல்சியசுக்குக் குளிர்விக்காவிட்டால் நுண்ணுயிர்கள் பெருகிக் கெட்டுவிடும். இந்தியாவில் பெரிய பால் பண்ணைகளும் ஐஸ் ஆலைகளும் பெரும்பாலும் அம்மோனியாவில் இயங்குகின்றன. அது ஓசோனையும் சிதைக்காது, புவியையும் சூடாக்காது. கிராமச் சேகரிப்பு நிலையங்களின் பழைய தொட்டிகளிலும், கடைகளின் பழைய ஏ.சி.களிலும் ஆர்-22 பரவலாக இருந்தது. கோடையில் இவை பழுதானால் அன்றே ஓட வேண்டும் என்ற நெருக்கடி எழுகிறது. அந்த அவசரத்தில் பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுவது சுலபம். ஒன்றரை டன் ஏ.சி.யிலுள்ள சுமார் ஒரு கிலோ ஆர்-22 வெளியேறினால், ஏறத்தாழ 1.8 டன் கரியமில வாயுவுக்கு நிகரான வெப்பமூட்டல் நிகழும்.

மாற்றும் முறை

முதல் வேலை மீட்பு. ரெக்கவரி மெஷின் மூலம் பழைய வாயுவைத் தனிச் சிலிண்டரில் பிடிக்க வேண்டும். வெவ்வேறு வாயுக்களை ஒரே சிலிண்டரில் கலந்தால் மறுபடி பயன்படுத்த முடியாது. பிறகு கசிவைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றினால், புது வாயுவும் சில மாதங்களில் போய்விடும்.

அடுத்தது ஆயில். ஆர்-12, ஆர்-22 கருவிகளில் மினரல் ஆயில் இருக்கும். மாற்று வாயுக்களான ஆர்-134ஏ, ஆர்-407சி ஆகியவை அதனுடன் கலக்காததால், ஆயில் கம்ப்ரசருக்குத் திரும்பாமல் குழாய்களில் தேங்கும். ஆகவே அதை வடித்துவிட்டு, பாலியால் எஸ்டர் ஆயிலால் பலமுறை அலசி நிரப்ப வேண்டும். இந்த ஆயில் காற்றின் ஈரத்தை விரைவாக உறிஞ்சும். டப்பாவைத் திறந்து வைக்கக் கூடாது.

ஃபில்டர் டிரையரைப் புதிதாகப் பொருத்தி, நைட்ரஜனால் அழுத்தச் சோதனை செய்து, வாக்குவம் பம்பால் ஈரத்தையும் காற்றையும் வெளியேற்றிய பின்பே கேஸ் ஏற்ற வேண்டும். அளவைக் கேஜ் பார்த்து ஊகிக்காமல் எடைபோட்டு நிரப்ப வேண்டும். ஆர்-407சி போன்ற கலவைகளைத் திரவ நிலையில் ஏற்றினால்தான் கலவை விகிதம் மாறாது. இறுதியாக, வாயுவின் பெயரையும் எடையையும் கருவியில் ஒட்டுவது அடுத்து வரும் மெக்கானிக்கின் உயிரைக் காக்கும்.

மாற்று வாயுக்கள்

ஆர்-12 ஃபிரிட்ஜ்களுக்கு ஆர்-134ஏ ஒரு மாற்று. புரோப்பேன், ஐசோபியூட்டேன் சம அளவிலான கலவை மற்றொன்று. இக்கலவை மினரல் ஆயிலோடு ஒத்துப்போகும். ஆர்-12இன் எடையில் பாதிக்கும் குறைவாகவே போதும். ஆனால் எளிதில் தீப்பற்றும். பொறி பறக்கும் ரிலே, தெர்மோஸ்டாட் ஆகியவற்றை மூடிய வகையாக மாற்றாமல் இதை ஏற்றக் கூடாது.

ஆர்-22 ஏ.சி.களில் ஆர்-410ஏ-வை ஏற்றவே கூடாது. அதன் அழுத்தம் ஏறத்தாழ 60 விழுக்காடு அதிகம். சாதாரண ஆர்-22 ஏ.சி.யில் புரோப்பேன் நிரப்புவதும் ஆபத்து. ஓசோனைச் சிதைக்காத வாயு எல்லாம் நல்ல வாயு என்றும் கொள்ள முடியாது. ஆர்-404ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் ஆர்-22ஐ விட இரு மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும்.

கசிவில்லாமல் நன்றாக ஓடும் ஆர்-22 கருவியை அப்படியே விடுவது நல்லது. கம்ப்ரசர் எரிந்து, காயில் அரித்த பழைய கருவிக்கு வாயு மாற்றம் வீண் செலவு. அதிலுள்ள வாயுவை மீட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம்.

எதிர்காலம்

மான்ட்ரியல் உடன்படிக்கையின் 2016 கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. அதன்படி ஆர்-134ஏ, ஆர்-410ஏ உள்ளிட்ட ஹைட்ரோஃபுளோரோகார்பன் (எச்.எஃப்.சி.) வாயுக்களின் பயன்பாடு 2028இல் மேலும் கூடாதபடி வரம்பிடப்பட்டு, 2047க்குள் 85 விழுக்காடு குறைக்கப்படும். இன்றைய மாற்று வாயுக்களையும் நாளை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், மீட்புத் திறன் ஒருபோதும் பழையதாகாது. உடன்படிக்கை தொடர்ந்து மதிக்கப்பட்டால் உலகின் பெரும்பகுதியில் ஓசோன் படலம் 2040 வாக்கில் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என்று 2022ஆம் ஆண்டின் சர்வதேச அறிவியல் மதிப்பீடு கூறுகிறது. மெக்கானிக்கிடம் ரெக்கவரி மெஷினும் பயிற்சியும் இருக்க வேண்டும். அவர் வாயுவை மீட்கச் செலவிடும் நேரத்துக்கு வாடிக்கையாளர் கூலி கொடுக்க வேண்டும். சிறு ஊர்களில் இவ்விரண்டும் வழக்கமாவதே இப்பணியில் எஞ்சியிருக்கும் முதன்மையான தேவை.