கடைசிப் பக்கம் இல்லாத ஏடு

ஏடு எதுவாயினும் அதற்கொரு கடைசிப் பக்கம் உண்டு. ஓலைச் சுவடிக்கு இறுதி ஓலை உண்டு. நாளிதழுக்கு விளையாட்டுச் செய்தியோடு முடியும் பக்கம் உண்டு. சிற்றிதழுக்குப் பின்னட்டை உண்டு. வாசகன் அங்கே வந்து நிற்கிறான். படித்தவற்றை மனத்துள் ஒருமுறை புரட்டிப் பார்க்கிறான். இந்த நிற்றலும் வாசிப்பின் ஒரு பகுதியே என்பதை நாம் முன்பு தனியே எண்ணிப் பார்த்ததில்லை. அது இல்லாமற்போன பிறகே அதன் அருமை புலனாகிறது. கைபேசியில் முகநூலையோ இன்ஸ்டாகிராமையோ திறப்பவர் கையில் கிடைப்பது கடைசிப் பக்கம் இல்லாத ஏடு. அப்பக்கம் தானாக உதிரவில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளில், குறிப்பிட்ட நோக்கங்களுக்காக, மனிதர்களால் நீக்கப்பட்டது. அந்த வரலாற்றை அறிந்தால், இழந்தவற்றுள் எவற்றை மீட்கலாம் என்பதும் தெளிவாகும்.

கவனம் சரக்கான கதை

1833 செப்டம்பர் 3ஆம் நாள் நியூயார்க் நகரில் பெஞ்சமின் டே என்பவர் 'சன்' என்னும் நாளிதழைத் தொடங்கினார். மற்ற இதழ்கள் ஆறு சென்ட் விலைக்கு விற்ற காலத்தில் இவர் ஒரு சென்ட்டுக்கு விற்றார். அந்த ஒரு சென்ட் அச்சுச் செலவுக்கே போதாது. வாசகர் கூட்டத்தைத் திரட்டி, அக்கூட்டத்தின் கண்களை விளம்பரதாரருக்கு விற்பதே அவருடைய வாணிபம். கூட்டம் திரளவேண்டுமானால் பரபரப்பு வேண்டும். ஆகவே காவல் நீதிமன்றக் கதைகள் இதழை நிறைத்தன. 1835ஆம் ஆண்டில் நிலவில் வௌவால் சிறகுடைய மனிதர் வாழ்வதாக ஒரு கட்டுக்கதையை அவ்விதழ் தொடராக வெளியிட, ஊரே அதைப் பேசியது. உண்மையல்லாத செய்தி விரைந்து பரவுவது நம் காலத்துக்கே உரிய நோய் என்று கருதுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

வானொலியும் தொலைக்காட்சியும் இதே வழியில்தான் நடந்தன. ஆயினும் அவற்றுக்கு ஓர் எல்லை இருந்தது. எந்த வாசகன் எந்தச் செய்தியில் எத்தனை நொடி நின்றான் என்பதைப் பத்திரிகை அதிபர் அறிய முடியாது. அந்த அறியாமை வாசகனுக்கு ஒரு காப்பாகவே இருந்தது.

இன்னொரு பக்கம், உளவியலார் பழக்கத்தின் இயல்பை ஆய்ந்து வந்தனர். பி.எஃப். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957இல் வெளியிட்ட நூலில், புறாக்களைக் கொண்டு நடத்திய சோதனைகளை விரிவாகப் பதிந்தனர். பொத்தானைக் கொத்தும் புறாவுக்கு ஒவ்வொரு முறையும் தானியம் தருவதைவிட, எப்போது வரும் என்று தெரியாதபடி தந்தால் அது ஓயாமல் கொத்துகிறது. சூதாட்டப் பொறியின் முன் அமர்ந்த மனிதனின் நிலையும் இதுவே என்று ஸ்கின்னர் சுட்டினார். அடுத்த விரல் அசைவில் என்ன வருமோ என்று திரையைக் கீழிழுக்கும் நம் விரலுக்கும் அந்தப் புறாவின் அலகுக்கும் உறவு உண்டு.

நீக்கப்பட்டவையும் நுழைக்கப்பட்டவையும்

2004இல் தொடங்கிய முகநூலில் முதல் இரண்டரை ஆண்டுகள் செய்தியோடை என்பதே கிடையாது. நண்பரைப் பற்றி அறிய விரும்பினால் அவர் பக்கத்தை நாடிச் செல்ல வேண்டும். அது ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போன்றது. 2006 செப்டம்பர் 5ஆம் நாள் 'நியூஸ் ஃபீட்' அறிமுகமாயிற்று. எல்லா நண்பர்களின் செய்கைகளும் ஒரே ஓடையாக வாசலுக்கே வந்தன. பயனர்கள் கொதித்தெழுந்தனர்; அதனை எதிர்க்கும் குழுவில் சில நாட்களிலேயே பல லட்சம் பேர் சேர்ந்தனர். அந்த எதிர்ப்புக் குழுவின் செய்தியை அவ்வளவு விரைவாகப் பரப்பியதும் அதே செய்தியோடைதான் என்பது வரலாற்றின் நகைமுரண். நிறுவனம் அந்தரங்கக் கட்டுப்பாடுகள் சிலவற்றைச் சேர்த்தது; ஓடையை நிறுத்தவில்லை.

அதே 2006ஆம் ஆண்டில் ஆசா ரஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், பக்கத்தின் அடிக்கு வந்ததும் அடுத்த பக்கம் தானே வந்து சேரும் 'முடிவில்லா உருட்டல்' முறையை உருவாக்கினார். அதுவரை திரையின் அடியில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். அடுத்த எண்ணை அழுத்துமுன் ஒரு கணம் 'இன்னும் வேண்டுமா' என்ற கேள்வி எழும். அந்தக் கணம் மறைந்தது. தம் கண்டுபிடிப்பு இவ்வாறு பயன்பட்டது குறித்துப் பின்னாளில் ரஸ்கின் பொதுவெளியில் வருந்தினார்.

2009 பிப்ரவரியில் முகநூலில் விருப்பக்குறி வந்தது. பாராட்டு ஓர் எண்ணாயிற்று. எண் என்பது ஒப்பிடுவதற்கு உரியது. ஒப்பிடத் தொடங்கிய மனம் அமைதியுறாது.

அடுத்து மாறியது வரிசை. பதிவுகளை எந்த ஒழுங்கில் காட்டுவது என்பதை முடிவுசெய்யும் கணக்கு விதிகளையே அல்காரிதம் என்கிறோம். இடுபவருக்கும் காண்பவருக்கும் உள்ள நெருக்கம், பதிவின் வகைக்கு உரிய எடை, அதன் வயது ஆகிய மூன்றும் சேர்ந்ததே தன் வரிசை என்று 2010இல் முகநூல் விளக்கியது. 2012இல் யூடியூப், எத்தனை பேர் சொடுக்கினர் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பதற்கு முதன்மை தந்தது. 2016இல் ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் காலவரிசையிலிருந்து விலகின. நம் வட்டத்தின் பத்தாண்டும் செய்தியோடைகள் காலவரிசையைத் துறந்த பத்தாண்டும் ஏறத்தாழ ஒன்றே என்பது எண்ணத்தக்கது.

இறுதியில் தெரிவும் போயிற்று. 2017இல் உலக அரங்கில் நுழைந்த டிக்டாக்கில் யாரையும் பின்தொடர வேண்டிய தேவையே இல்லை. விரல் எங்கே தயங்கியது என்பதைக் கண்டே அடுத்த காணொளி தேர்ந்தெடுக்கப்படும். 2020 ஜூன் 29ஆம் நாள் இந்திய அரசு அச்செயலியைத் தடைசெய்தது. ஆயினும் அந்த முறை நாட்டைவிட்டுப் போகவில்லை. அதே ஆண்டிலேயே இன்ஸ்டாகிராமின் 'ரீல்ஸ்', யூடியூபின் 'ஷார்ட்ஸ்' என்னும் பெயர்களில் அது திரும்பி வந்தது. பெயரைத் தடுக்கலாம், பழக்கத்தைத் தடுப்பது வேறு செயல்.

சினத்திற்கு ஐந்து மதிப்பெண்

2021இல் முகநூலின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளிக்கொணர்ந்தார். அக்டோபர் 5ஆம் நாள் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார். 2017 முதல் சினக்குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு விருப்பக்குறியைப்போல் ஐந்து மடங்கு எடை தரப்பட்டிருந்தது என்ற செய்தி அவ்வாவணங்களால் தெரியவந்தது. சினமூட்டும் பதிவுகளில் பொய்யும் வசையும் மிகுதி என்பதை நிறுவனத்தின் ஆய்வாளர்களே கண்டனர். எடை படிப்படியாகக் குறைந்து, 2020இல் சினக்குறியின் எடை சுழியாக்கப்பட்டது. மூன்றாண்டுகள் ஓர் எண் செய்த வேலை அது. நம்மூர் விவாதங்களில் குரல்கள் ஏன் அவ்வளவு உரத்து ஒலித்தன என்று வியந்தவர்கள் இந்த எண்ணையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எனினும் ஒருபக்கச் சார்பு வரலாற்றுக்கு அழகன்று. 2018இல் அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2020இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வாரம் முகநூலை விட்டவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 நிமிடம் மிச்சமாயிற்று. அவர்களுடைய மனநிறைவு சற்றே உயர்ந்தது. நாட்டு நடப்பு பற்றிய அறிவோ குறைந்தது. ஆய்வு முடிந்த பின்னரும் அவர்கள் முன்னிலும் குறைவாகவே முகநூலை நாடினர். 2020 அமெரிக்கத் தேர்தல் காலத்தில் நடந்து 2023இல் வெளியான மற்றோர் ஆய்வில், காலவரிசைக்கு மாற்றப்பட்டவர்கள் தளத்தில் செலவிட்ட நேரம் குறைந்தது. அவர்களுடைய அரசியல் மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நம்பகமற்ற இடங்களிலிருந்து வந்த செய்திகளோ கூடின. ஒரு பொத்தானை மாற்றியதும் எல்லாம் சீராகிவிடும் என்று நம்ப இடமில்லை. கிடைப்பது நேரம், அதை என்ன செய்வது என்பது நம் பொறுப்பு.

கவிதைக்கு நேர்வது

இவ்வட்டத்தாருக்கு இதில் தனிக் கவலை உண்டு. இன்று தமிழ்க் கவிதைகளுள் பல முதலில் முகநூலிலேயே வெளியாகின்றன. அதன் நன்மையை மறுக்க இயலாது. நாகர்கோவிலில் எழுதியதை அன்று மாலையே டொராண்டோவிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கிறார்கள். அச்சேறும் வாய்ப்பற்றோர் பலர் கவிஞராக அறியப்பட்டது இவ்வழியில்தான்.

ஆனால் பொறி அளப்பது எதிர்வினையின் விரைவை. கவிதையோ இரண்டாம் வாசிப்பில் திறப்பது. படித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தோன்றாமல் அமர்ந்திருக்கும் வாசகனே கவிஞனுக்குக் கிடைத்த பெரும்பேறு. அந்த மௌனம் பொறியின் கணக்கில் குறியாகவோ கருத்துரையாகவோ பதிவாவதில்லை. ஐந்து வரியில் அடித்துச் சொன்னால் குறிகள் குவியும் என்று கண்டுகொண்ட கை, தன்னை அறியாமலே ஐந்து வரிக்குப் பழகுகிறது. பாடுபொருளும் அப்படியே: நேற்றைய பரபரப்பை ஒட்டியது முன்னே வரும், தன் போக்கில் விளைந்தது பின்னே நிற்கும்.

1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது, எதை வெளியிடுவது, எதை மறுப்பது என்பதைப் பெயருடைய ஒரு மனிதர் முடிவுசெய்தார். அவருடைய முடிவோடு உடன்படாதவர் அவருக்கே கடிதம் எழுதலாம். சினந்து வேறோர் இதழ் தொடங்கலாம். செய்தியோடையின் ஆசிரியருக்கு முகவரி இல்லை. தேர்ந்தெடுப்பவர் யாரென்று தெரியாத இடத்தில் தேர்வைப் பற்றிய விவாதமும் இல்லாமற்போகிறது.

மீட்டுக்கொள்ளும் பழக்கங்கள்

வரலாறு காட்டும் நல்ல செய்தி ஒன்றுண்டு. இம்மாற்றங்கள் மனிதர் செய்தவை; ஆகவே மாற்றத்தக்கவை. எண்ணிக்கையை மறைக்கும் வசதியை இன்ஸ்டாகிராம் 2021இல் எல்லோர்க்கும் வழங்கியது. 2022இல் காலவரிசையையும் ஒரு தெரிவாக மீட்டளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி 2023 ஆகஸ்ட் முதல் மிகப்பெரிய தளங்கள், பயனரை அளந்து கணிக்காத வரிசை ஒன்றையும் தந்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குட்பட்டோர் முதன்மையான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் வரும்வரை காத்திராமல் நாம் செய்யத்தக்கவை, பறிபோன ஒவ்வொன்றையும் தனித்தனியே மீட்பதாக அமையலாம். முடிவு போயிற்று, ஆகவே செயலியைத் திறக்குமுன்னரே எப்போது மூடுவது என்று நேரம் குறித்துக்கொள்வது. கதவு தட்டிச் செல்லும் வழக்கம் போயிற்று. ஆகவே நாம் மதிக்கும் கவிஞரின் பெயரைத் தேடி அவர் பக்கத்துக்கே சென்று படிப்பது. வரிசை போயிற்று, ஆகவே பின்தொடர்வோரின் பதிவுகளை மட்டும் காலவரிசையில் காட்டும் பகுதியை, அது உள்ள தளங்களில், தெரிந்தெடுப்பது. எண் நுழைந்தது, ஆகவே அதை மறைப்பது, அறிவிப்பு ஒலிகளை அடக்குவது. எழுதுவோர்க்கு மேலும் ஒன்று: கவிதையை முதலில் தாளிலோ நண்பர் ஒருவரிடமோ சில நாள் இருக்கவிட்டுப் பிறகு வெளியிடுவது. எண் வருமுன் ஒரு மனிதக் காது அதைக் கேட்டிருக்க வேண்டும்.

இவையெல்லாம் தனியொருவராகச் செய்யக் கடினமானவை. கூடிச் செய்ய எளியவை. மாதந்தோறும் ஓர் அறையில் கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு, பிறகு பேசிக் கலையும் இலக்கிய வட்டம், தன்னை அறியாமலே இந்தப் பத்தாண்டும் அதைத்தான் செய்து வந்திருக்கிறது. இங்கே வாசிப்புக்கு வரிசை உண்டு. வரிசையை அமைத்தவர் எதிரே அமர்ந்திருக்கிறார். கவிதை முடிந்ததும் மௌனம் உண்டு. அதை எவரும் எண்ணுவதில்லை. கூட்டம் முடியும் நேரமும் உண்டு. வாசகர் கையிலுள்ள இம்மலருக்கும் கடைசிப் பக்கம் இருக்கிறது. அதை அடைந்ததும் அடுத்த ஏட்டைத் தேடாமல் சற்றே மூடிவைத்து இருப்பது, நாம் மீட்கும் முதற்பழக்கமாக அமையட்டும்.