பந்த வெளிச்சத்தில் பிடித்த மீன்: வட ஏரிகளின் வால்ஐ வரலாறு

அமெரிக்காவின் வட எல்லையில், மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் ஆயிரக்கணக்கான ஏரிகள் உண்டு. அவற்றில் பிடிபடும் மீன்களில் சுவைக்கும் விலைக்கும் வால்ஐ மீனுக்குத்தான் முதலிடம். ஒஜிப்வே பழங்குடியினர் இதை ஓகா என்பார்கள். 1965இல் மின்னசோட்டா இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. இதன் கண்ணுக்குள், பின்புறத்தில், ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. இரவில் வெளிச்சம் பட்டால் பூனையின் கண்போல மின்னும். அந்தக் கண்ணின் பலத்தில்தான் இந்த மீன் அந்தியிலும் விடியலிலும் கலங்கிய நீரிலும் மற்ற மீன்களுக்கு முன்பே இரையைக் கண்டுவிடுகிறது. ஏரி நீரின் வெப்பம் மாற மாற இது இருப்பிடத்தையும் மாற்றிக்கொள்ளும். இதைப் பிடிக்க மனிதர்கள் கண்ட பருவமுறைகள் எல்லாம் இவ்விரு இயல்புகளை ஒட்டியே வளர்ந்தன.

ஏப்ரல் வாக்கில் ஏரியின் மேல் உறைந்த பனி உடையும். தண்ணீர் 6 முதல் 10 டிகிரி செல்சியசுக்கு வந்ததும் வால்ஐ முட்டையிடக் கரைக்கு வரும். கூழாங்கல் பரவிய ஆழமற்ற இடங்களும் ஓடைகளின் வாய்களும் அதற்கு உகந்தவை. ஆண் மீன்கள் முதலில் வந்து காத்திருக்கும். உடல் பெருத்த பெண் மீன்கள் பின்னால் வரும். முட்டையிடுவது இரவில். கூடு கட்டுவதில்லை, குஞ்சுகளைக் காப்பதும் இல்லை. முட்டைகளைக் கற்களின் இடுக்கில் உதிர்த்துவிட்டு மீன்கள் விலகிவிடும். ஆண்டில் வேறெப்போதும் இத்தனை வால்ஐ ஒரே இடத்தில், இத்தனை ஆழம் குறைந்த நீரில் கூடுவதில்லை.

ஒஜிப்வே மக்களின் ஆண்டுச் சுழற்சியில் இந்தச் சில இரவுகளுக்குத் தனி இடம் இருந்தது. குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த உணவு தீர்ந்துபோகும் வேளை அது. மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் பணி முடிகிற தறுவாயில் மீன்கூட்டம் கரைக்கு வந்து சேரும். பிர்ச் மரப்பட்டையால் செய்த ஓடத்தில் இருவர் செல்வார்கள். ஒருவர் பின்னிருந்து ஓசையில்லாமல் ஓடத்தைத் தள்ள, மற்றவர் முனையில் ஈட்டியுடன் நிற்பார். பட்டையைச் சுருட்டிப் பிசின் தடவிய பந்தம் எரியும். அந்த வெளிச்சத்தில் நீருக்குள் மீனின் கண் மின்னும்போது ஈட்டி பாயும். இந்தக் காட்சியைக் கண்ட பிரெஞ்சு வணிகர்கள் விஸ்கான்சினில் ஓர் ஊருக்கே பந்த ஏரி என்ற பொருளில் லாக் டு ஃப்ளாம்போ என்று பெயரிட்டார்கள். அங்குள்ள ஒஜிப்வே குழுவுக்கு இன்றும் அதுவே பெயர். வலை பின்னுவதும் விரித்து எடுப்பதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. காட்டுச் செந்தட்டி நாரிலும் பாஸ்வுட் மரத்தின் உட்பட்டை நாரிலும் வலைக்கயிறு திரித்தார்கள். பிடித்த மீனில் தின்றதுபோக மிஞ்சியதை உலர்த்தியும் புகையூட்டியும் வைத்தார்கள்.

1837இலும் 1842இலும் ஒஜிப்வே தலைவர்கள் அமெரிக்க அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு பெரும் நிலப்பரப்பைக் கொடுத்தார்கள். அரசு அப்போது குறிவைத்தது அங்கிருந்த வெண்பைன் காடுகளையும் கனிமங்களையும். நிலம் கைமாறினாலும், அங்கே வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் தங்களுக்கு உரிமை உண்டு என்பதில் தலைவர்கள் உறுதியாக இருந்தார்கள். ஒப்பந்தங்களில் அந்த உரிமை எழுத்திலேயே இடம்பெற்றது. ஆனால் மாநில அரசுகள் உருவானபின் அந்த எழுத்து மதிக்கப்படவில்லை. மாநிலமாக ஆனதோடு ஒப்பந்த உரிமை ஒழிந்தது என்று 1908இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூதாதையர் பிடித்த ஏரியில் மீன் பிடித்தவர்கள் கைதானார்கள், அபராதம் கட்டினார்கள். பலருக்கு இரவு மீன்பிடி ஒளிந்து செய்யும் காரியமாயிற்று. கையெழுத்திட்ட வாக்கை ஓர் அரசு இப்படிக் காற்றில் விட்டதை வேறு எந்தச் சொல்லாலும் மென்மையாக்க முடியாது.

1974 மார்ச்சில் லக் கூடரே ஒஜிப்வே குழுவைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர், தங்கள் ஒதுக்கீட்டு நிலத்தின் எல்லைக்கு வெளியே உறைந்த ஏரியில் துளையிட்டு ஈட்டியால் மீன் பிடித்தார்கள். மாநிலக் காவலர்கள் வழக்குப் பதிந்தனர். அதிலிருந்து கிளம்பிய பெரிய வழக்கில் 1983இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்பந்த உரிமை உயிருடன் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. வாய்ட் தீர்ப்பு என்று அது அறியப்படுகிறது. அதன்பின் வசந்தகால ஈட்டிப் பிடிப்பு வெளிப்படையாகத் திரும்பியது. பட்டைப் பந்தத்தின் இடத்தில் தலையில் கட்டிய மின்விளக்கு, பட்டை ஓடத்தின் இடத்தில் அலுமினியப் படகு.

எதிர்ப்பு கொடியதாக இருந்தது. 1980களின் பிற்பாதியில் படகுத்துறைகளில் ஆயிரக்கணக்கானோர் கூடி இனவெறிக் கூச்சல் போட்டார்கள், கல்லெறிந்தார்கள். ஈட்டிக்காரர்கள் ஏரியைக் காலி செய்துவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். நடந்தது அதற்கு நேர்மாறு. ஒவ்வோர் ஏரிக்கும் எத்தனை மீன் என்று முன்கூட்டியே வரம்பு வகுக்கப்பட்டது. அன்றைய இரவுக்கு மட்டும் உரிமச்சீட்டு. கரைக்கு வந்த ஒவ்வொரு மீனும் எண்ணப்பட்டது. கரையோரம் அதிகம் காத்திருப்பவை ஆண் மீன்கள் என்பதால் ஈட்டியில் சிக்கியவையும் பெரும்பாலும் ஆண்களே. மாநில, கூட்டாட்சி, பழங்குடி உயிரியலாளர்கள் சேர்ந்து ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட அறிக்கை, ஈட்டிப் பிடிப்பால் மீன்வளம் கெடவில்லை என்று தெளிவாக்கியது. எண்ணிப் பிடித்தவர்கள்மீது எண்ணாமல் பிடித்தவர்கள் சாட்டிய குற்றம் அது. மின்னசோட்டாவில் மில் லாக் ஏரி பற்றிய இதே வகை வழக்கில் 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் ஒஜிப்வே பக்கம் நின்றது.

தூண்டில்காரர்களின் வரலாறு வேறு கிளையில் ஓடுகிறது. மீன் முட்டையிடும் வாரங்களில் மாநிலச் சட்டம் அவர்களுக்குத் தடை விதிக்கிறது. மின்னசோட்டாவில் மே மாதம் தடை நீங்கும் நாள் கிட்டத்தட்ட ஒரு திருவிழா. அப்போது மீன்கள் இன்னும் கரையோரத்தில் இருப்பதால், ஈயத்தலை கொண்ட சிறு தூண்டிலில் உயிருள்ள சிறுமீனைக் கோத்து அடியில் மெல்லத் தட்டித் தட்டி இழுப்பார்கள். கோடையில் மீன் ஆழத்துக்கும் நீருக்குள் மூழ்கிய பாறைத்திட்டுகளுக்கும் போய்விடும். முன்பெல்லாம் பலர் அதோடு கைவிட்டுவிடுவார்கள். 1950களின் இறுதியில் படகில் வைக்கத்தக்க சிறிய சோனார் கருவி வந்ததும் அடித்தளத்தின் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரிந்தது. 1968இல் ஆல், ரான் லிண்ட்னர் சகோதரர்கள் லிண்டி ரிக் என்ற அமைப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் எடைக்குண்டு நரம்பில் தடையின்றி நகரும்; அட்டையையோ மண்புழுவையோ கவ்விய மீனுக்கு எடை உறைக்காது. கோடையின் வால்ஐ எளிய தூண்டில்காரனுக்கும் எட்டியது அப்போதுதான். பின்லாந்தின் லாரி ரப்பாலா 1936இல் செதுக்கிய பொய்மீன் 1959 வாக்கில் மின்னியாபோலிஸ் வந்து சேர்ந்தது. இலையுதிர் காலத்தில் நீர் குளிர்ந்து, இரவில் மீன் மறுபடி பாறைத்திட்டுகளின் மேல் இரைக்கு வரும்போது, அவ்வகைப் பொய்மீனைப் படகின் பின்னால் இழுத்துச் செல்வது வழக்கமாயிற்று. குளிர்காலத்தில் பனிமேல் குடில் போட்டு, துளையிட்டு, சூரியன் சாயும் நேரத்துக்குக் காத்திருப்பார்கள்.

கருவி கூடக்கூட மீன் தப்பும் இடம் குறைந்தது. ஆனால் பெரிய அழிவு வந்தது தூண்டிலால் மட்டும் அல்ல. வட மின்னசோட்டாவின் ரெட் லேக், மேல் கீழ் என்று இரு பகுதிகளும் சேர்ந்து 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. அதன் பெரும்பகுதி ரெட் லேக் ஒஜிப்வே குழுவுக்கு உரியது. முதல் உலகப்போரின் உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1917இல் அங்கே வணிக மீன்பிடிப்பை மாநில அரசு தொடங்கியது. பின்னர் பழங்குடி மீனவர்களின் கூட்டுறவுச் சங்கம் அதை ஏற்று, செவுள்வலை கொண்டு பல பத்தாண்டுகள் நடத்தியது. வரம்பு தாராளமாக இருந்தது. கணக்கில் வராமல் விற்றதும் நிறைய. மேல் பகுதியில் தூண்டில்காரர்களும் அள்ளினார்கள். 1990களின் நடுவில் வால்ஐ கூட்டம் சரிந்தது. முட்டையிடும் வயதுக்கு வளர்ந்த மீன்கள் மிகச் சிலவே மிஞ்சின.

1997இல் ரெட் லேக் மீனவர்கள் தாங்களே வாக்களித்து வணிகப் பிடிப்பை நிறுத்தினார்கள். வயிற்றுப் பிழைப்பை முன்வந்து விட்டுக்கொடுத்த அந்த முடிவு இந்த வரலாற்றின் மிக உயர்ந்த செயல். 1999இல் பழங்குடி அரசும் மாநிலமும் கூட்டாட்சித் துறையும் ஒப்பந்தம் செய்து, ஏரி முழுவதும் வால்ஐ பிடிக்கத் தடை கொண்டுவந்தன. 1999, 2001, 2003 ஆண்டுகளில் கோடிக்கணக்கான குஞ்சுகள் விடப்பட்டன. அவை வளர்ந்து தாமே முட்டையிடத் தொடங்கின. 2006இல் ரெட் லேக் மறுபடி மீன்பிடிக்குத் திறக்கப்பட்டது. எவ்வளவு பிடிக்கலாம் என்பதைப் பழங்குடி, மாநில உயிரியலாளர்கள் சேர்ந்து கணக்கிடுகிறார்கள். அந்த வரம்புக்குள்தான் இன்று அங்கே வலையும் தூண்டிலும் இறங்குகின்றன.