கையெழுத்துக்குப் பிறகு

கணக்குத் தணிக்கை என் பிழைப்பு. குடியிருப்பது ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டியில். இங்குள்ள பள்ளி மாவட்டம் 2017இல் உயர்நிலைப் பள்ளிப் பையன்கள் ஃபுட்பால் ஆடுவதற்காகச் சுமார் ஏழு கோடி டாலரில் ஒரு மைதானம் கட்டியது. 12,000 பேர் உட்காரலாம். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிற, ஓடுபவனை ஆறேழு பேர் சேர்ந்து சாய்க்கிற அமெரிக்க ஃபுட்பால்தான். வெள்ளிக்கிழமை இரவுகளில் அந்த மைதானத்தில் உட்கார்ந்தால் ஆட்டத்தைப் பற்றிய பேச்சைவிட, 'இவன் எந்தக் கல்லூரிக்குப் போவான்?' என்ற பேச்சுதான் அதிகம் காதில் விழும். பதினேழு வயதுப் பையனின் தாயார் எந்தக் கோச்சிடம் சிரித்துப் பேசினார் என்பதுவரை அலசுவார்கள்.

பையன்கள் கல்லூரிக்குக் கையெழுத்துப் போடும் பிப்ரவரிவரை இவ்வளவு பேசிய பெயர்களை நான்கு வருஷம் கழித்து யாரும் சரிபார்ப்பதில்லை. தணிக்கைக்காரனுக்கு அது பொறுக்காது. 'பரேட்' பத்திரிகை 1963 முதல் வெளியிட்டுவந்த பள்ளி நட்சத்திரப் பட்டியல்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த ஆள் பிற்பாடு என்ன ஆனார் என்று எழுதிவருகிறேன். என் மனைவிக்கு இது வெட்டி வேலை. எழுத எழுத எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. பையனின் கால் வேகத்தைவிட, அவன் கையெழுத்துப் போட்ட வருஷத்தில் எந்த விதி அமலில் இருந்தது என்பதே பல பேருடைய கதையைத் தீர்மானித்திருக்கிறது.

ஆள் பிடிக்கும் வழக்கம் ஃபுட்பாலோடு கூடப் பிறந்தது. யேல் பல்கலைக்கழக அணியின் 1904ஆம் வருஷத்துத் தலைவர் ஜேம்ஸ் ஹோகன் ஏறக்குறைய முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த 'மாணவர்'. விடுதியில் நல்ல அறைகள், கியூபாவுக்கு உல்லாசப் பயணம், வளாகத்தில் ஒரு சிகரெட் கம்பெனியின் விற்பனை உரிமை என்று அவருக்குக் கிடைத்த வசதிகளை 1905இல் 'மெக்ளூர்ஸ்' பத்திரிகை விலாவாரியாக எழுதியது. 1929 அக்டோபரில் கார்னெகி அறக்கட்டளை நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து, பெரும்பாலானவை ஆட்டக்காரர்களைத் தேடிப்போய், ஏதாவது ஒரு வகையில் பணம் கொடுத்தே சேர்க்கின்றன என்று அறிக்கை போட்டது. பங்குச் சந்தை கவிழ்ந்த அதே வாரம். யார் படித்திருப்பார்கள்?

கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ 1948இல் 'புத்தித் தெளிவு விதி' என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆட்டத்துக்காக மட்டும் உதவித்தொகை தரக் கூடாது என்பது அதன் சாரம். மீறியதாக ஏழு கல்லூரிகள் அகப்பட்டன. 1950இல் அவற்றை நீக்குவதற்கான வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் விதியே போய்விட்டது. 1956இல் ஆட்டத்துக்கு என்றே முழு ஸ்காலர்ஷிப் தரலாம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

நான் முக்கியமாகக் கருதுவது 1964. அதற்கு முன் ஒரு பையன் ஒரு கல்லூரிக் கூட்டமைப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அது செல்லாத இன்னொரு கூட்டமைப்பிலும் போடலாம். வகுப்பு தொடங்கும் நாள்வரை ஆளைக் கடத்திக்கொண்டு போகலாம். கோச்சுகளுக்கு இது பெரும் தலைவலி. அதனால் தேசிய அளவில் ஒரே சம்மதக் கடிதம் வந்தது. போட்ட பிறகு வேறு கல்லூரிக்குப் போனால் ஆடும் ஆண்டுகளை இழக்க வேண்டும். 1973இல் ஸ்காலர்ஷிப்பையும் ஒரு வருஷத்துக்கு என்று சுருக்கினார்கள். வருஷா வருஷம் புதுப்பிப்பது கல்லூரியின் விருப்பம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பையன் கட்டுண்டவன், கல்லூரி ஒரு வருஷம் மட்டும் கட்டுண்டது. என் மேஜைக்கு இப்படியொரு ஒப்பந்தம் வந்தால் சிவப்பு மையால் வட்டம் போடுவேன். இதைத்தான் பிப்ரவரி மாதத்து முதல் புதன்கிழமையில் கல்லூரிகளின் தொப்பிகளை வரிசையாக வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்லி, கேமரா முன் திருவிழாவாகக் கொண்டாடினார்கள்.

யாரைத் தேடிப்போனார்கள் என்பதும் சொல்ல வேண்டியதுதான். 1960கள்வரை தெற்கத்திப் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பினப் பையன்களைச் சேர்க்கவே இல்லை. டெக்சாஸின் போமான்ட் ஊர்ப் பையன் பப்பா ஸ்மித் வடக்கே மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனார். அங்கே கோச் டஃபி டாஹெர்ட்டி, தெற்கில் வெள்ளையர் நடத்திய பயிற்சி முகாம்களில் நுழைய முடியாத கறுப்பினப் பள்ளிக் கோச்சுகளைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தவர். அந்தக் கோச்சுகள் தங்கள் நல்ல பையன்களை அவரிடம் அனுப்பினார்கள். 1967இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது முதல் பெயர் பப்பா ஸ்மித். முதல் எட்டுக்குள் நான்கு பேர் மிச்சிகன் ஸ்டேட்காரர்கள். அலபாமா தன் முதல் கறுப்பின ஸ்காலர்ஷிப் ஆட்டக்காரரான வில்பர் ஜாக்சனைச் சேர்த்தது 1970இல். வீட்டு வாசலில் நின்ற தங்கத்தை அத்தனை காலம் அடுத்தவன் எடுத்துப்போகப் பார்த்துக்கொண்டிருந்தது தெற்கு.

கதவு திறந்ததும் அதே தெற்கு அந்தப் பையன்களைத் துரத்தத் தொடங்கியது. 1972 முதல் முதலாண்டு மாணவர்களும் பெரிய அணியில் ஆடலாம் என்று ஆனதால் அவசரம் கூடியது. ஒரே பையன் முதல் வருஷத்திலேயே ஓர் அணியைத் தூக்கி நிறுத்த முடியும். ஜார்ஜியாவில் ரைட்ஸ்வில் என்ற சின்ன ஊரிலிருந்து ஹெர்ஷல் வாக்கர் 1980 ஈஸ்டர் ஞாயிறன்று கையெழுத்துப் போட்டார். அந்த வருஷமே ஜார்ஜியா தேசிய சாம்பியன். 1982இல் அவருக்குக் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது. எல்லாக் கோச்சுகளும் அடுத்த வாக்கரைத் தேடி மிசிசிப்பிக்குப் போனார்கள். அங்கே அவர்கள் துரத்தியவர் மார்க்கஸ் டுப்ரீ. அவர் பெயருக்கு எதிரே எழுதத்தான் எனக்கு அதிக இடம் தேவைப்பட்டது.

ஊர் பிலடெல்பியா. பென்சில்வேனியாவின் நகரம் அல்ல, மிசிசிப்பியின் சிற்றூர். 1964 ஜூனில் மூன்று சிவில் உரிமைத் தொண்டர்களைக் கொன்று மண்ணணைக்குள் புதைத்த ஊர். டுப்ரீ பிறந்தது அதற்கு ஒரு மாதம் முந்தி. கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகள் ஒன்றாக உட்கார்ந்த முதல் ஆண்டில் அவர் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார். பள்ளி முடிப்பதற்குள் 87 டச்டவுன். வாக்கரின் தேசிய சாதனையைவிட ஒன்று கூட. அந்தக் கொலை வழக்கில் தண்டனை பெற்ற துணை ஷெரீப்பின் மகனும் அதே அணியில்தான் ஆடினான். இதை எழுத்தாளர் வில்லி மோரிஸ் 1983இல் நானூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகமாக எழுதினார். ஒரு பள்ளிப் பையன் எந்தக் கல்லூரிக்குப் போவான் என்பதற்கு நானூறு பக்கமா என்று தோன்றும். படித்தால் ஒரு பக்கத்தையும் எடுக்க முடியாது.

டுப்ரீயின் தாயார் ஓர் ஆசிரியை. அவர் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள்போல ஒருவர் பின் ஒருவராகக் கோச்சுகள் வந்தார்கள். ஓக்லஹோமாவின் உதவிக் கோச் லூஷஸ் செல்மன் அந்த ஊர் விடுதியில் வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்கிவிட்டார். 1982 பிப்ரவரியில் டுப்ரீ ஓக்லஹோமாவுக்குக் கையெழுத்துப் போட்டார். அன்றோடு செல்மனுக்கு விடுதி வாசம் முடிந்தது. டுப்ரீயின் ராஜ வாழ்வும் ஏறக்குறைய அன்றோடு முடிந்தது.

ஆட்டம் குறைந்துவிடவில்லை. அவருக்காகவே கோச் பேரி ஸ்விட்சர் அணியின் பழைய ஆட்ட அமைப்பை மாற்றினார். முதல் வருஷத்தில் பந்தோடு ஓடியது 905 கஜம். 1983 புத்தாண்டு நாளில் நடந்த ஃபியஸ்டா போல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் 17 தடவை பந்தை வாங்கி 239 கஜம் ஓடினார். ஆட்டத்தில் கணிசமான நேரம் வெளியே உட்கார்ந்திருந்தும். அணி தோற்றது. ஆள் உடம்பைக் கவனிக்கவில்லை, இல்லாவிட்டால் இன்னும் ஓடியிருப்பான் என்று கோச் பகிரங்கமாகச் சொன்னார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று பல வருஷம் கழித்து அவரே வருந்தினார். கையெழுத்துக்கு முந்திய நாட்களில் எந்தக் கோச்சாவது அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு 'உங்கள் பையன் குண்டு' என்று சொல்லியிருப்பாரா?

1983 அக்டோபரில், டெக்சாஸிடம் தோற்ற பிறகு, டுப்ரீ ஊருக்குப் போனார்; திரும்பவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சதர்ன் மிசிசிப்பியில் சேர்ந்தார். விதி குறுக்கே வந்தது: கல்லூரி மாறினவன் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும். 1985வரை ஆட முடியாது. பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது ஆயுள் தண்டனை மாதிரி. புதிதாகக் கிளம்பிய யுஎஸ்எஃப்எல் என்ற தொழில்முறைக் கூட்டமைப்பில் நியூ ஆர்லின்ஸ் அணிக்குப் போனார். அடுத்த வருஷம் முழங்கால் போயிற்று. ஐந்து வருஷம் ஆட்டமே இல்லை. பின்பு உடம்பைத் தேற்றிக்கொண்டு 1990இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸில் இடம் பிடித்தார். அந்தப் பிடிவாதத்துக்கு யாரும் நட்சத்திரம் போடவில்லை. ராம்ஸ் ஆடிய பெரிய தொழில்முறைக் கூட்டமைப்பான என்எஃப்எல்லின் கணக்கில் மொத்தமாக அவர் ஓடியது 251 கஜம். ஃபியஸ்டா போலில் ஒரே நாளில் ஓடியதைவிடப் பன்னிரண்டு கஜம் கூட. பிற்காலத்தில் லாரி ஓட்டினார். 2010இல் அவரைப் பற்றி ஒரு நல்ல ஆவணப்படம் வந்தது.

பணக் கதை தனி. எங்கள் டெக்சாஸில் எரிக் டிக்கர்சன் 1979இல் ஓட்டிவந்த தங்க நிற டிரான்ஸ் ஆம் காருக்குப் பணம் கொடுத்தது யார் என்று நாற்பது வருஷம் பேசினார்கள். அவர் சேர்ந்த எஸ்எம்யூ பல்கலைக்கழகம், பிடிபட்ட பிறகும் பையன்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தவில்லை. என்சிஏஏ 1987இல் அந்த அணியின் ஒரு வருஷ ஆட்டத்தையே ரத்து செய்தது. அந்தப் பட்டுவாடாவைத் தொடர ஒப்புக்கொண்டவர்களில் தானும் ஒருவன் என்று சொன்னவர், அப்போது மாநில ஆளுநராக இருந்த பில் கிளெமன்ட்ஸ்.

இதற்கிடையில் தகவலே வியாபாரமானது. சிகாகோவில் தபால் துறையில் வேலை பார்த்த டாம் லெமிங் 1970களின் கடைசியில் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பையன்களைப் பார்த்துப் பட்டியல் போட்டு விற்க ஆரம்பித்தார். பிறகு காசு கட்டிக் கேட்கும் தொலைபேசிச் செய்திகள், பிறகு இணைய நிறுவனங்கள். இப்போது ஐந்து நட்சத்திரம் பெறுவோர் வருஷத்துக்கு ஏறக்குறைய 32 பேர். என்எஃப்எல் முதல் சுற்றில் எடுக்கப்படுவோர் அத்தனை பேர் என்பதால் அந்த எண்ணிக்கை. பட்டியல்காரர்கள் மொத்தத்தில் மோசமில்லை. ஐந்து நட்சத்திரக்காரன் மேலே போகும் வாய்ப்பு இரண்டு நட்சத்திரக்காரனைவிட அதிகம்தான். ஆனால் நினைவில் நிற்பது தவறினவை. நோட்டர் டேமுக்கு 1993இல் வந்த ரான் பவ்லஸ் இரண்டு ஹைஸ்மன் வாங்குவார் என்றார் விமர்சகர் பீனோ குக். ஒன்றும் வாங்கவில்லை. பின்னாளில் என்எஃப்எல் நட்சத்திரமான ஆரன் ராஜர்ஸைப் பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் கூப்பிடவில்லை. ஜே.ஜே. வாட்டுக்கு இரண்டு நட்சத்திரம்; ஒரு கல்லூரியை விட்டுவிட்டு, பீட்சா கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டு, விஸ்கான்சினில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் நுழைந்து, பின்னர் மூன்று தடவை என்எஃப்எல்லின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார்.

தொப்பி எடுக்கும் சடங்கு எவ்வளவு முற்றிப்போயிருந்தது என்பதற்கு 2008இல் நெவாடாவில் ஒரு பள்ளிப் பையன் செய்தது போதும். எந்தக் கல்லூரியும் அவனைக் கூப்பிடவில்லை. இருந்தாலும் பள்ளி முழுவதையும் கூட்டி, இரண்டு தொப்பி வைத்து, கலிபோர்னியாவை எடுத்தான். அந்தக் கோச்சுகளுக்கு அவன் பெயரே தெரியாது. 2013இல் ஃபுளோரிடாவின் அலெக்ஸ் காலின்ஸ் அர்கன்சாவைத் தேர்ந்தெடுத்தபோது அவருடைய தாயார் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் கடிதம் செல்லாது என்பது அப்போதைய விதி. மறுநாள் தகப்பனார் போட்டார். காலின்ஸ் அர்கன்சாவில் மூன்று வருஷமும் ஆயிரம் கஜம் தாண்டினார், என்எஃப்எல்லுக்கும் போனார். 2023இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தபோது வயது 28.

விதிகள் அண்மையில் தலைகீழானது பலருக்கு வருத்தம். எனக்கில்லை. 2018இல் கல்லூரி மாற விரும்புவோர் பெயர் கொடுக்க ஒரு பதிவேடு வந்தது. 2021 ஜூலை முதல் பையன்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம். அதே வருஷம், ஒரு தடவை மாறினால் வெளியே உட்கார வேண்டாம் என்றும் ஆயிற்று. 2024 அக்டோபரில் சம்மதக் கடிதமே ஒழிந்தது. 2025 ஜூலை முதல் கல்லூரியே நேரடியாக, முதல் வருஷத்தில் இரண்டு கோடியே ஐந்து லட்சம் டாலர்வரை, தன் ஆட்டக்காரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம்.

டல்லாஸ் பக்கத்து சவுத்லேக்கின் குவின் யூவர்ஸ் இந்த மாற்றத்தின் நடுவில் வந்து விழுந்தவர். 2021இல் பட்டியல்களின் உச்சியில் இருந்தார். பள்ளியில் இருக்கும்வரை பெயரை விற்க டெக்சாஸ் விதி விடவில்லை. கடைசி வருஷப் பள்ளிப் படிப்பைத் தாண்டி ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார். பத்து லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம். களத்தில் ஆடியது இரண்டே இரண்டு பந்துகள். உடனே டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்; ஒரு நாளும் தண்டனையாக உட்காரவில்லை. அந்த அணியை இரண்டு தடவை தேசிய அரையிறுதிவரை கொண்டுபோனார். 2025இல் என்எஃப்எல் அவரை எடுத்தது 231ஆவது ஆளாக.

பட்டியல்காரர்கள் இதைத் தோல்வி என்று எழுதுகிறார்கள். என் நோட்டில் அந்த வார்த்தையைப் போடவில்லை. டுப்ரீக்கு 1983இல் கிடைக்காதது இவருக்குக் கிடைத்தது: பிடிக்காத இடத்தைவிட்டு வந்து அடுத்த பருவத்திலேயே ஆடும் உரிமை. இப்போது மாறிச் செல்கிறவர்களுக்கும் தளங்கள் நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்துகின்றன. பதினேழு வயதில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவனுக்கு இருபத்தொரு வயதில் மூன்று போடுகிறார்கள். என்னைக் கேட்டால், கணக்கு இப்போதுதான் கொஞ்சம் நேராகிறது. ஆனால் ஒரு பெயருக்கு எதிரே ஒரு கல்லூரிப் பெயர் எழுத நான் போட்ட கட்டம் போதாமல், பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் எழுத வேண்டியிருக்கிறது.