லீவு போடாத ஆட்டக்காரர் – ஹரால்ட் பெல்

இங்கிலாந்துக் கால்பந்து என்றால் நம்மில் பலருக்கு மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் என்று நாலைந்து பெயர்கள்தான் தெரியும். அதிலும் கோல் போடுகிறவர்களைத்தான் தெரியும். கோல் விழாமல் தடுக்கிறவரை யார் கவனிக்கிறார்கள்? அப்படித் தடுக்கிறவர் மூன்றாவது டிவிஷனில் ஆடினால்? சொந்த ஊர்க்காரர்களைத் தவிர யாருக்கும் அவரைத் தெரிய வாய்ப்பே இல்லை.

ஆனாலும் அப்படிப்பட்ட ஒரு டிஃபண்டரின் பெயர் இங்கிலாந்துக் கால்பந்தின் சாதனைப் பட்டியலில் இருக்கிறது. அவர் பெயர் ஹரால்ட் பெல். டிரான்மியர் ரோவர்ஸ் என்ற சின்னக் கிளப்புக்காக 1946 முதல் 1955 வரை ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் தொடர்ச்சியாக 401 லீக் ஆட்டங்கள் ஆடியவர். எத்தனையோ பெரிய பெயர்கள் வந்து போன பிறகும் இந்தச் சாதனை முறியடிக்கப்படவில்லை!

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். மெர்சி ஆற்றின் ஒரு கரையில் லிவர்பூல் நகரம், எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட். கப்பல் கட்டும் தளங்களும் துறைமுகக் கூலி வேலையும் நிறைந்த ஊர் அது. அங்கேதான் டிரான்மியர் ரோவர்ஸ் கிளப் 1884இல் தொடங்கியது. அதன் மைதானத்தின் பெயர் பிரென்டன் பார்க்.

ஆற்றைத் தாண்டினால் லிவர்பூல், எவர்ட்டன் என்று இரண்டு பெரிய கிளப்புகள். பெரிய ஆலமரத்தின் நிழலில் முளைத்த செடிபோலத்தான் டிரான்மியர். அங்கே நன்றாக ஆடினால் பெரிய கிளப் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். புகழ்பெற்ற டிக்ஸி டீன் டிரான்மியரில் வளர்ந்தவர். 1925இல் எவர்ட்டன் அவரை 3,000 பவுண்டுக்கு வாங்கியது. 1927-28 சீசனில் அவர் எவர்ட்டனுக்காக 60 லீக் கோல் போட்டு வரலாறு படைத்தார்.

டிரான்மியரின் வரலாற்றில் இன்னொரு பெல்லும் உண்டு. 1935 டிசம்பர் 26 அன்று ஓல்டம் அணியை டிரான்மியர் 13-4 என்று தோற்கடித்தது. அந்த ஒரே ஆட்டத்தில் 9 கோல் அடித்தவர் பன்னி பெல். இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த பெல் ஒரே நாளில் பேர் வாங்கினார். இந்த பெல் பேர் வாங்க ஒன்பது வருடம் ஆனது.

போருக்குப் பின்

1939இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் லீக் போட்டிகள் மூன்று ஆட்டங்களோடு நிறுத்தப்பட்டன. போர் முடிந்து, 1946 ஆகஸ்ட் 31 அன்றுதான் முறையான லீக் மறுபடி தொடங்கியது. அன்று டிரான்மியர் அணியில் இறங்கியவர்களில் ஹரால்ட் பெல்லும் ஒருவர். அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். அணியின் மேனேஜர் எர்னி பிளாக்பர்ன்.

அது கால்பந்துக்குப் பொற்காலம். ஏழு வருடமாகப் பொழுதுபோக்குக்கு ஏங்கிக் கிடந்த ஜனங்கள் மைதானங்களை நிரப்பினார்கள். 1948-49 சீசனில் மட்டும் லீக் ஆட்டங்களைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை 4 கோடியே 10 லட்சத்தைத் தாண்டியது.

ஆனால் ஆடுகிறவர்களுக்கு அது சொகுசான காலம் அல்ல. 1946-47 குளிர்காலத்தில் இங்கிலாந்து பனியில் உறைந்துபோனது. தள்ளிவைக்கப்பட்ட ஆட்டங்களை முடிக்க சீசனையே ஜூன் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. பந்து தோலால் ஆனது. மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அதை நெற்றியால் முட்டித் திருப்பி அனுப்புவது டிஃபண்டரின் அன்றாட வேலை.

இன்னொரு முக்கியமான விஷயம்: அப்போது மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லை. லீக்கில் அது வந்தது 1965இல்தான். காலில் அடிபட்டால் நொண்டிக்கொண்டே ஆட வேண்டும். முடியவில்லை என்று வெளியே போனால் அணி பத்துப் பேரோடு ஆட வேண்டும். 70ஆவது நிமிடத்தில் வெளியே வந்து அடுத்த ஆட்டத்துக்கு ஓய்வெடுத்துக்கொள்ளும் வசதியெல்லாம் பெல்லுக்குக் கிடையாது.

401 எப்படி வந்தது?

மூன்றாவது டிவிஷன் அப்போது வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. டிரான்மியர் வடக்கு டிவிஷனில் இருந்தது. 1950 வரை அதில் 22 அணிகள். ஒவ்வோர் அணியோடும் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று ஆடினால் சீசனுக்கு 42 ஆட்டம். நான்கு சீசனுக்கு 168. 1950இல் அணிகள் 24 ஆயின. சீசனுக்கு 46 ஆட்டம். ஐந்து சீசனுக்கு 230. ஆக மொத்தம் 398. 1955-56 சீசனின் முதல் மூன்று ஆட்டங்களையும் கூட்டினால் 401.

அதாவது போருக்குப் பின் டிரான்மியர் ஆடிய முதல் 401 லீக் ஆட்டங்களில் பெல் இல்லாத ஆட்டம் ஒன்றுகூட இல்லை. ஒன்பது குளிர்காலங்களில் சளி, காய்ச்சல், சுளுக்கு, வீட்டு விசேஷம் எதற்கும் லீவு இல்லை. எஃப்.ஏ. கோப்பை, உள்ளூர்க் கோப்பை ஆட்டங்களையும் சேர்த்தால் 459 ஆட்டம் வருகிறது.

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். லிவர்பூலின் ஃபில் நீல் 1976 முதல் 1983 வரை தொடர்ச்சியாக 417 ஆட்டம் ஆடினார். அது எல்லாப் போட்டிகளையும் சேர்த்த கணக்கு. பிரீமியர் லீக்கில் பிராட் ஃப்ரீடெல் தொடர்ந்து 310 ஆட்டம் ஆடினார், ஆனால் அவர் கோல்கீப்பர். கோல்கீப்பர் அல்லாதவர்களில் பிரீமியர் லீக் சாதனை ஃபிராங்க் லாம்பார்டுடையது: 164. பெல்லின் கணக்கில் பாதிகூட இல்லை!

ஜெயித்ததும் தோற்றதும்

இத்தனை ஆட்டம் ஆடி பெல் என்ன ஜெயித்தார்? வடக்கு டிவிஷனில் முதலிடம் பிடிக்கும் ஒரே அணிக்குத்தான் இரண்டாவது டிவிஷனுக்குப் போகும் வாய்ப்பு. இரண்டாமிடம் வந்தாலும் பலனில்லை. பெல் முழுதாக ஆடிய அந்த ஒன்பது சீசன்களில் முதலிடம் பிடித்தவை: டான்காஸ்டர், லிங்கன், ஹல், மறுபடி டான்காஸ்டர், ராதரம், மறுபடி லிங்கன், ஓல்டம், போர்ட் வேல், பார்ன்ஸ்லி. டிரான்மியர் பெயர் எங்கும் இல்லை.

முன்னேற முடியாதது ஒரு பக்கம். கீழே விழும் பயம் இன்னொரு பக்கம். கடைசி இரண்டு இடத்தில் முடிக்கும் கிளப்புகள் லீக்கில் நீடிக்க மற்ற கிளப்புகளிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். டிரான்மியரின் பக்கத்து ஊர்க் கிளப்பான நியூ பிரைட்டன் 1951இல் இப்படித்தான் ஓட்டில் தோற்று வெளியேறியது. அதன் இடம் வொர்க்கிங்டனுக்குப் போனது. ஆகவே நடுவில் எங்கோ முடித்தாலே அது பிழைப்புக்கு உத்தரவாதம். அந்த உத்தரவாதத்தைத் தேடித் தருவதில் டிஃபண்டர்களின் பங்கு பெரியது.

மறக்க முடியாத நாட்களும் இருந்தன. 1952 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் முதல் டிவிஷன் அணியான ஹடர்ஸ்ஃபீல்டை அதன் சொந்த மைதானத்திலேயே டிரான்மியர் 2-1 என்று வென்றது. சரியாக ஒரு வருடம் கழித்து அதே கோப்பையில் டாட்டன்ஹம் அணியோடு பிரென்டன் பார்க்கில் 1-1 என்று டிரா செய்தது. ஊரே கொண்டாடியிருக்கும். ஆனால் மறு ஆட்டத்தில் டாட்டன்ஹம் 9 கோல் போட்டது. டிரான்மியருக்குக் கிடைத்தது ஒன்று.

ஒன்பது கோல் வாங்கிய அணியின் டிஃபண்டர் அடுத்த வாரம் என்ன செய்வார்? பெல் வழக்கம்போல் அடுத்த ஆட்டத்துக்கு வந்து நின்றார். 401 என்ற எண்ணுக்குள் இதுவும் அடங்கியிருக்கிறது.

விசுவாசமா, கட்டாயமா?

இந்தக் கதையை "ஒரே கிளப்புக்கு உழைத்த உத்தமர்" என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படித்தான் பலர் முடிக்கிறார்கள். ஆனால் அன்றைய விதிகளையும் பார்க்க வேண்டும்.

அப்போது ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. 1947இல் வாரத்துக்கு 12 பவுண்டு, 1951இல் 14, 1953இல் 15. எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் அதற்கு மேல் கிடையாது. கோடையில் இன்னும் குறைவு. ஜெயித்தால் 2 பவுண்டு, டிரா ஆனால் 1 பவுண்டு போனஸ். 12, 15 என்பதெல்லாம் உச்சவரம்புதான். மூன்றாவது டிவிஷனில் பலருக்கு அதுவும் கிடைக்காது.

அதைவிடக் கடுமையானது, ஆட்டக்காரரைப் பிடித்துவைக்கும் விதி. ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்படும். ஆனால் ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விரும்பினால் அவரைத் தன் பட்டியலிலேயே வைத்துக்கொள்ளலாம். கிளப் சம்மதிக்காமல் அவர் வேறு லீக் கிளப்புக்குப் போக முடியாது. அதே சமயம் கிளப்புக்கு வேண்டாம் என்று தோன்றினால் சீசன் முடிவில் வெளியே அனுப்பிவிடலாம். கதவின் சாவி ஒரு பக்கத்தில் மட்டும்!

சம்பள உச்சவரம்பு 1961 ஜனவரியில்தான் ஒழிந்தது. அதற்காகப் போராடிய ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர் ஜிம்மி ஹில். பிடித்துவைக்கும் விதி நியாயமற்றது என்று 1963இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நியூகாசில் கிளப்பை எதிர்த்து ஜார்ஜ் ஈஸ்டம் தொடுத்த வழக்கு அது. இந்த இரண்டும் வருவதற்குள் பெல்லின் 401 முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன.

அப்படியானால் அந்த 401 ஆட்டங்களும் கட்டாயத்தால் வந்தவையா? அதுவும் சரியல்ல. விதி ஓர் ஆளைக் கிளப்பில் கட்டிப்போடலாம். அணியில் இடம் பிடித்துத் தராது. அதே விதியின் கீழ் ஆயிரக்கணக்கானோர் ஆடினார்கள். 401ஐத் தொட்டவர் ஒருவர்தான். வாரா வாரம் பதினொரு பேரில் ஒருவராகத் தேர்வாக வேண்டும் என்றால் உடம்பும் ஆட்டமும் இரண்டுமே சரியாக இருக்க வேண்டும். அதே நேரம், இடத்தை விட்டால் இன்னொருவர் பிடித்துக்கொள்வார் என்ற பயமும் வலியோடு ஆட வைத்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு தொழிலாளி இருபது வருடம் லீவு போடாமல் வேலைக்குப் போனால் அதில் பக்தி எவ்வளவு, பிழைப்பு எவ்வளவு என்று யாரால் அளக்க முடியும்?

நான்காவது ஆட்டம்

1955 ஆகஸ்டில் புது சீசன் தொடங்கியது. மூன்று ஆட்டம் ஆனது. நான்காவது ஆட்டத்துக்கான அணியில் பெல்லின் பெயர் இல்லை. அவருக்கு அடிபடவில்லை. அணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். ஒன்பது வருடம் கழித்து முதன்முறையாக பெல் இல்லாமல் டிரான்மியர் ஒரு லீக் ஆட்டம் ஆடியது. சாதனைக்காக இன்னும் ஓர் ஆட்டம் கொடுப்போம் என்ற சலுகையெல்லாம் அங்கே இல்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் அது சோகக் கதை. ஆனால் பெல் திரும்பி வந்தார். டிரான்மியருக்காக அவர் ஆடிய மொத்த லீக் ஆட்டங்கள் 595. அதாவது நீக்கப்பட்ட பிறகும் 194 ஆட்டம்! முதல் 401ஐவிட இந்த 194 பெரியது என்றுகூடச் சொல்லலாம். தொடர்ந்து ஆடுகிறவனுக்கு அந்தத் தொடர்ச்சியே ஒரு பலம். அது அறுந்த பிறகு, இனி சாதனை எதுவும் இல்லை என்று தெரிந்தும், மறுபடி வந்து நிற்பது வேறு மாதிரியான மனசு.

1958இல் வடக்கு, தெற்கு டிவிஷன்கள் கலைக்கப்பட்டு மூன்றாவது, நான்காவது டிவிஷன்களாக மாற்றப்பட்டன. முதல் 12 இடத்துக்குள் முடித்தால் மூன்றாவது, இல்லையென்றால் நான்காவது. டிரான்மியர் 11ஆவதாக முடித்துத் தப்பியது. பெல் காலத்து டிரான்மியருக்குக் கோப்பைக்கு ஈடானது இதுதான்.

அவருக்குப் பின் ஆட்டம் எவ்வளவோ மாறிவிட்டது. ஓர் ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றலாம். மருத்துவர் சொன்னால் நட்சத்திரமே ஓய்வெடுப்பார். அது நல்ல மாற்றம்தான். உடம்பை வருத்தி ஆடியதைப் பெருமையாகப் பேசும் காலம் திரும்ப வர வேண்டாம். அதனாலேயே 401ஐ இனி யாரும் தாண்டுவது கடினம்.

கோப்பை ஜெயித்தவர்களின் பட்டியல் ஒவ்வொரு வருடமும் நீள்கிறது. தவறாமல் வந்து நின்றவர்களின் பட்டியலில் மட்டும் முதல் பெயர் மாறவில்லை. அது மூன்றாவது டிவிஷனில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், கோல் விழாமல் தடுத்துக்கொண்டிருந்த ஒருவரின் பெயர்.