கடையில் வாங்கிப் பூட்டும் கார் அலாரம்: எதை நம்பலாம்?

நள்ளிரவில் பக்கத்து வளவில் கார் அலாரம் அடித்தால் இப்போது எவரும் எழும்பிப் பார்ப்பதில்லை. பூனை பாய்ந்திருக்கும் என்று திரும்பிப் படுத்துவிடுகிறோம். கள்ளனை வெருட்ட வேண்டிய சத்தம் அயலவருக்குத் தொல்லையாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தக் கருவிகள் செய்யப்படும் விதமும் பூட்டப்படும் விதமுமே இதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் பழைய விற்ஸும் வகன் ஆரும்கூட வாங்கிய விலையைத் தாண்டிப் போயின. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவருக்குக் கார் களவு போனால் ஒரு சதமும் கிடைக்காது. யப்பானில் இருந்து வந்த பழைய கார்கள் எல்லாவற்றிலும் இமோபிலைசர் இருப்பதும் இல்லை. ஆகவே பஞ்சிகாவத்தையில் இருந்து ஊர்ச் சந்திக் கடை வரை அலாரம் செற் நன்றாக விற்பனையாகிறது. பெட்டியின் மேல் உள்ள பெயர்கள் பலவாக இருந்தாலும், மலிவானவற்றைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஏறக்குறைய ஒரே பலகைதான். பெயரைப் பார்த்து வாங்குவதில் பெரிய பயன் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது றிமோட். பழைய வகை றிமோட்டுகள் ஒவ்வொரு தடவையும் ஒரே குறியீட்டையே அனுப்பும். இதற்குப் பெருமளவில் பயன்பட்ட பிரி 2262 என்ற சிப்பில் எட்டு முகவரிக் கால்களைப் பயன்படுத்தினால் கிடைக்கும் குறியீடுகள் மொத்தம் 6,561. அதைக் காற்றில் பிடித்துத் திரும்ப அனுப்பப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை. நல்ல கருவிகளில் குறியீடு ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மாறும். மைக்ரோசிப் நிறுவனத்தின் கீலொக் இதில் பெயர்பெற்றது. அதையும் 2008இல் ஜேர்மனியின் போகும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். என்றாலும் தெருக் கள்ளனுக்கு அது எட்டுகிற வேலை அல்ல. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று அறிய இலகுவான வழி ஒன்று உண்டு: திறப்பு வெட்டும் கடையில் கேற்றுக்கு விற்கும் சாதாரண கொப்பி றிமோட்டில் அதைப் பதிந்து பாருங்கள். பதிந்த றிமோட் காரைத் திறந்தால், கள்ளனுக்கும் திறக்கும்.

இனி, காரணமில்லாமல் அடிக்கும் அலாரம். அதிர்வு சென்சர் என்பது ஒரு சிறு பீசோத் தகடு. பக்கத்தில் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகு. கடைக்காரர் உங்களுக்கு முன்னால் கண்ணாடியில் தட்டிக் காட்டுவதற்காக அதைக் கூட்டிவிடுவார். பிறகு ஒரு லொறி போனாலும் அடிக்கும், இடி இடித்தாலும் அடிக்கும். அதைக் குறைத்துவிடச் சொன்னால் பாதித் தொல்லை தீரும். மீதிப் பாதி பொனற்றுக்குக் கீழே பூட்டும் ஊசி சுவிட்சில் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் அது துருப்பிடித்து, மாரி மழையில் ஈரம் ஏறினால், பொனற் திறந்துவிட்டது என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். சைரனின் வாயை மேல் நோக்கிப் பூட்டினால் அதற்குள்ளும் தண்ணீர் நிற்கும். வாய் கீழ் நோக்கியே இருக்க வேண்டும்.

பற்றரி விடயத்தில் கணக்கைச் செய்து பார்ப்பதே நல்லது. நல்ல கருவி சும்மா இருக்கும்போது 20 மில்லி அம்பியருக்குள் இழுக்கும். 36 அம்பியர் மணிப் பற்றரியில் பாதியைத் தின்ன அதற்கு ஏறத்தாழ 37 நாள் வேண்டும். 60 மில்லி அம்பியர் இழுக்கும் மலிவான கருவிக்கு 12 நாள் போதும். காரின் சொந்த மின்னிழுவை இதற்கு மேல். 2022இல் பெற்றோல் இல்லாமல் வாரக்கணக்கில் நின்ற கார்களில் பல, எரிபொருள் கிடைத்த அன்றும் ஸ்டார்ட் ஆகாமல் நின்றதை நான் பார்த்தேன். ஒரு மல்ரிமீற்றரைப் பற்றரியின் மறை முனையில் தொடராக இணைத்து, கதவுகளைப் பூட்டி, அரை மணித்தியாலம் விட்டு அளவை எடுங்கள். மீற்றர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணக் கூடாது. மீற்றரின் பியூஸ் போய்விடும். மொத்தம் 50 மில்லி அம்பியருக்கு மேல் காட்டினால், அலாரத்தின் பியூஸைக் கழற்றி மறுபடி அளந்தால் குற்றவாளி தெரியும்.

இவை எல்லாம் தொல்லைகள். உயிரோடு விளையாடுவது எஞ்சினை நிறுத்தும் றிலே. அலாரத்தோடு வரும் இந்த றிலேயைச் சிலர் ஸ்டார்ட்டர் வயரில் இணைக்கிறார்கள், சிலர் இக்னிஷனில் அல்லது பெற்றோல் பம்ப் வயரில் இணைக்கிறார்கள். இரண்டாவது முறையில், ஓடிக்கொண்டிருக்கும்போது றிலேயோ அதன் இணைப்போ பழுதானால் எஞ்சின் அங்கேயே நிற்கும். பவர் ஸ்டியரிங் இறுகும். பிரேக் ஓரிரு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். ஏ9 வீதியில் லொறிக்கு முன்னால் இது நடந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. பம்ப் ஓடும் நேரம் முழுக்க மின்னோட்டம் அந்தத் தொடுமுனைகள் வழியே போவதால் அவை சூடாகித் தேய்வதும் அதிகம். ஸ்டார்ட்டர் வயரில் இணைத்தால் சாவி போடும் சில வினாடிகள் மட்டுமே அதற்கு வேலை. பழுதானாலும் கார் வீட்டு வாசலில்தான் நிற்கும். ஓடும் காரை றிமோட்டால் நிறுத்தலாம் என்று ஒரு கடைக்காரர் பெருமையாகச் சொன்னால், நான் அந்தக் கருவியை வாங்கமாட்டேன்.

கைத்தொலைபேசியில் இயங்கும் விலை கூடிய அலாரங்களுக்கும் இதுவே பொருந்தும். 2019 மார்ச்சில் பென் டெஸ்ற் பார்ட்னர்ஸ் என்ற பிரித்தானியப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், வைப்பர், பண்டோரா என்ற இரு பெயர்பெற்ற அலாரங்களின் செயலிகளில் ஓட்டை கண்டுபிடித்தது. இன்னொருவரின் கணக்கை எளிதாகக் கைப்பற்றி, கார் நிற்கும் இடத்தைப் பார்க்கவும் கதவைத் திறக்கவும் முடிந்தது. ஓடும் எஞ்சினை நிறுத்தவும் சில கார்களில் வழி இருந்தது. ஏறத்தாழ 30 இலட்சம் வாகனங்கள் இதற்குள் அடங்கும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். பண்டோரா தன் கருவியை ஊடுருவ முடியாதது என்று விளம்பரம் செய்திருந்ததுதான் வேடிக்கை. இரு நிறுவனங்களும் சில நாட்களுக்குள் ஓட்டையை அடைத்துவிட்டன. பெயரில்லாத பெட்டியோடு வரும் செயலியை யார் அடைப்பார்கள்?

நல்ல கருவியையும் மோசமான வயரிங் கெடுத்துவிடும். வயரின் தோலைச் சீவி முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றுவது எங்கள் கராஜ்களில் வழக்கம். வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் ரேப்பின் பசை உருகி, ஓராண்டில் இணைப்பு தளர்ந்துவிடும். ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள். கூலி கூடுமே தவிர வேறு நட்டமில்லை. பற்றரியில் இருந்து வரும் சிவப்பு வயரில், எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தால், இடையில் வயர் உரசிச் சோட் ஆனால் அந்தப் பியூஸ் காப்பாற்றாது. தீப்பிடிக்க அந்த ஒரு முழ வயர் போதும்.

காரைத் திரும்ப எடுக்கும்போது, எந்த வயரை எங்கே வெட்டினார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அலாரத்தை இடைநிறுத்தும் மறைவு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டு, வீட்டில் கார் ஓட்டும் மற்றவருக்கும் காட்டிவையுங்கள். றிமோட்டின் சிறு பற்றரி சொல்லாமல் கொள்ளாமல்தான் தீரும். புதியதொன்று வாங்க இருநூறு முந்நூறு ரூபா செலவாகும். ஆனால் இரவு பத்து மணிக்கு ஊர்க் கடை திறந்திருக்காது.