பசியும் பள்ளியும் – 9: ஊர் போட்ட சோறு

பாப்பாக்குறிச்சிக்குப் போவோம் என்று சென்ற வாரம் முடித்திருந்தேன். 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டத்து அந்தக் கிராமத்தில்தான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இந்தத் தொடரின் பெரிய திருப்பம் அதுதான். பாப்பாக்குறிச்சியில் கொதித்த உலைக்கு அரசு அரிசி தந்தது. அதற்கு இருபத்தாறு ஆண்டு முன்னால், 1956-இல், எட்டயபுரத்தில் கொதித்த உலைக்கு ஊரார் அரிசி தந்தார்கள். அரசாணை பிறந்து பணம் வரும்வரை காத்திராமல் ஊராரை நம்பி அந்த அடுப்பை மூட்டலாம் என்று துணிந்தவர் ஒரு கல்வி அதிகாரி. நெ.து. சுந்தரவடிவேலு என்ற அந்த மனிதரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

மாடு மேய்க்கும் சிறுவனைக் காமராசர் வழியில் நிறுத்திக் கேட்ட கதை உங்களுக்குத் தெரியும். ரயில்வே கேட்டில் நடந்தது என்பார்கள். ஊர்ப் பெயர் ஆளுக்கு ஆள் மாறும். பள்ளிக்கூடம் போனால் சோறு யார் போடுவார்கள் என்று அந்தப் பையன் திருப்பிக் கேட்டானாம். இதைச் சொல்பவர்கள் எல்லோரும் காமராசரின் இரக்கத்தோடு கதையை முடித்துக்கொள்கிறார்கள். பையனின் வீட்டுக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

அதைப் போட்டுப் பார்ப்போம். கூலி வேலைக்குப் போகும் குடும்பம். விடியும் முன்பே தாயும் தகப்பனும் வயலில் இருப்பார்கள். வீட்டில் இருப்பது முந்தின நாள் பழைய சோறும் தண்ணீரும். அதுவும் எல்லா நாளும் இருக்காது. ஆறு வயதுப் பையன் பண்ணையாரின் மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் அங்கே ஒரு வேளைக் கூழ் கிடைக்கும். கூலியாகக் காசு வராவிட்டாலும் வீட்டில் ஒரு வயிறு குறையும். அவனைப் பள்ளிக்கு அனுப்பினால் அந்தக் கூழும் போய்விடும். பெண் குழந்தை என்றால் இடுப்பில் தம்பி இருப்பான். அவனை யார் பார்ப்பது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். சம்பளம் இல்லாத பள்ளியே ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு அது செலவுதான். படிப்பின் அருமை தெரியாதவர்கள் என்று அவர்களைத் திட்டிய பெரிய மனிதர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. மதியம் பள்ளியில் சோறு என்றானதும் அந்தக் கணக்கு அப்படியே திரும்பியது. பண்ணையார் வீட்டுக் கூழுக்கு எதிராகப் பள்ளிச் சோறு வந்து நின்றது. மாட்டை விட்டுவிட்டு வந்தாலும் வயிறு நிறையும் என்ற உறுதி கிடைத்த பிறகுதான் தாய் பிள்ளையை அனுப்பினாள்.

காமராசருக்கு இது புரிந்ததில் வியப்பில்லை. சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, பள்ளியைப் பாதியில் விட்டுத் துணிக்கடையில் நின்றவர் அவர். சுந்தரவடிவேலு வேறு மாதிரி. 1912-இல் காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். வசதியான விவசாயக் குடும்பம். பெரியாரின் பற்றாளர். குத்தூசி குருசாமியின் துணைவியார் குஞ்சிதத்தின் தங்கை காந்தத்தைச் சாதி மறுத்து மணந்தவர். அந்தக் காலத்தில், அதுவும் அரசு வேலையில் இருந்துகொண்டு, அப்படி ஒரு திருமணம் செய்யத் தனித் துணிச்சல் வேண்டும். 1954-இல் காமராசர் முதல்வரான பிறகு பொதுக் கல்வி இயக்குநர் நாற்காலி அவருக்கு வந்தது. பதவியில் மூத்தவர்கள் சிலரைத் தாண்டி வந்த நாற்காலி. முந்தைய ஆண்டு அரை நாள் பள்ளித் திட்டத்தால் மாநிலமே கொதித்துக் கிடந்ததை நான் மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. அந்தச் சூட்டில் பொறுப்பேற்றவருக்கு மூடிய பள்ளிகளைத் திறப்பதும், பள்ளி இல்லாத ஊரில் பள்ளி வைப்பதும் முதல் வேலையாக இருந்தன. திறந்த பள்ளியில் பிள்ளை தங்கவில்லை என்பது அடுத்த தலைவலி.

எல்லாப் பள்ளிக்கும் சோறு போட அரசிடம் பணம் இல்லை. கோட்டையில் நிதியைக் காட்டித் தயங்கியவர்கள் இருந்தார்கள். கணக்குப் பார்ப்பது அவர்கள் தொழில் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். பிள்ளையின் பசியைச் செலவுப் பட்டியலின் கடைசி வரியில் எழுதுகிறவன் எந்தக் காலத்திலும் தவறான பக்கத்தில்தான் நிற்கிறான். சுந்தரவடிவேலு அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் ஊர்களுக்குப் போனார். அன்னதானம் செய்யும் ஊர்கள்தானே இவை? கோயில் திருவிழாவில் ஆயிரம் பேருக்கு இலை போடும் ஊரால் பள்ளியில் நாற்பது பிள்ளைக்குப் போட முடியாதா என்பதுதான் அவருடைய நம்பிக்கை. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த மண் என்பதையும் சேர்த்து அடுப்பு மூட்டப்பட்டது. காமராசரே வந்து தொடங்கிவைத்தார். மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு இதற்காக ஊர் ஊராகப் பிச்சை எடுக்கவும் தயார் என்ற பொருளில் முதலமைச்சர் ஒருவர் மேடையில் பேசியது இந்தத் திட்டத்துக்காகத்தான்.

அறுவடை முடிந்ததும் நெல் வந்தது. தோட்டம் வைத்திருந்தவர் காய் கொடுத்தார், விறகு வைத்திருந்தவர் விறகு. பாத்திரம் வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. தலைமை ஆசிரியர் பாடமும் நடத்தி, அரிசிக் கணக்கும் எழுதினார். பின்னர் அரசுப் பணம் சேர்ந்தபோதும் முழுச் செலவையும் அரசு எடுத்துக்கொள்ளவில்லை. நூற்றுக்கு அறுபது அரசு, நாற்பது உள்ளூர் என்பது ஏற்பாடு. இந்த நாற்பதைச் சிலர் அரசின் கஞ்சத்தனம் என்பார்கள். எனக்கு அது அந்தத் திட்டத்தின் அழகாகவே படுகிறது. ஊரார் நெல் கொடுத்த பள்ளியை ஊரார் எட்டிப் பார்த்தார்கள். ஆசிரியர் வந்தாரா, கூரை ஒழுகுகிறதா என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிட்டது.

அந்த உரிமையைத்தான் சுந்தரவடிவேலு அடுத்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளாக மாற்றினார். 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராக நடந்தன. பள்ளிக்கு என்ன குறை என்று முன்கூட்டியே பட்டியல் எடுப்பார்கள்: பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, கிணறு, கூடுதல் கட்டடம், சாப்பாட்டுத் தட்டு. மாநாட்டு மேடையில் ஊரார் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொள்வார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் இந்த வழியில்தான் முதலில் வந்தது. கிழிந்த சட்டைக்கு வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிட்ட பிள்ளைகளை அந்தச் சீருடை பள்ளிக்குக் கொண்டுவந்தது. பெயர் அறியாத எத்தனையோ நிலக்காரர்களும் வியாபாரிகளும் அந்த மேடைகளில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். நம் வரலாற்றுப் புத்தகங்கள் அவர்களுக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை.

குறையையும் சொல்லியாக வேண்டும். ஊர் கொடையில் ஓடிய அடுப்பு ஊர் வறண்டால் அணைந்தது. மழை பொய்த்த ஆண்டில், பிள்ளைக்குச் சோறு மிகவும் தேவைப்பட்ட அதே ஆண்டில், நெல் கொடுக்க ஆள் இல்லை. பணக்கார ஊருக்கும் பஞ்சத்து ஊருக்கும் தட்டில் வேறுபாடு தெரிந்தது. வகுப்பில் எல்லோருக்கும் சோறு கிடைக்கவில்லை. யார் ஏழை என்று ஆசிரியர் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. 1961-இலிருந்து கேர் நிறுவனம் வழியாக அமெரிக்க உணவுப் பொருள்கள் வரத் தொடங்கின. இன்று அறுபதைக் கடந்தவர்கள் அந்தக் கோதுமை ரவை உப்புமாவையும் பால் பவுடரையும் மறந்திருக்கமாட்டார்கள்.

சாதியை ஊர்க்கொடையால் கழுவ முடியவில்லை. ஒரே பந்தியில் உட்கார வைத்த திட்டம் என்று நாம் பெருமைப்படுகிறோம், நியாயமான பெருமை. ஆனால் 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று எதிர்த்தவர்களும் இதே தமிழ்நாட்டுப் பெற்றோர்கள்தாம். அரசு அடுப்பு வைத்து நாற்பது ஆண்டு நெருங்கிய பிறகு இப்படி நடந்தது. வழக்குப் பதிவானது. அந்தச் சமையலர் பட்ட அவமானத்துக்கு எந்த வழக்கும் ஈடாகாது.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல்லில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு எட்டயபுரம்தான் நினைவுக்கு வருகிறது. கிராமங்களில் அந்த உப்புமாவையும் கிச்சடியையும் பொங்கலையும் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்க்கு அந்த வேலையில் முன்னுரிமை. 1956-இல் ஊர் நெல்லாகக் கொடுத்தது. இன்று அந்தத் தாய் உழைப்பாகக் கொடுத்துச் சம்பளமும் வாங்குகிறாள். பிள்ளைக்கு என்ன போடுகிறார்கள் என்று அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும் மற்ற தாய்மாருக்கு ஓர் அடுப்பு மிச்சம்.

பாப்பாக்குறிச்சிக்கு அடுத்த வாரம் போவோம். எதிர்ப்புகளுக்கு நடுவே எம்.ஜி.ஆர். எப்படி முடிவெடுத்தார், ஒரே நேரத்தில் அத்தனை அமைப்பாளர்களையும் சமையலர்களையும் எப்படித் திரட்டினார்கள் என்பதெல்லாம் அங்கே.

அதற்குள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1950-களின் கடைசியில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கு நெல்லோ விறகோ கொடுத்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். பழைய பள்ளிக்கூடத்து அலமாரியில் மதிய உணவுக் கணக்குப் பேரேடு கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். யார் எத்தனை மரக்கால் கொடுத்தார், எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்ற வரிகளைப் படம் எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்பிவையுங்கள்.