சோழவரத்தில் ஸ்டார்ட் ஆகாத ஹெரால்டு

சென்னை பஸ்ஸில் கண் அசந்தாலும் இருங்காட்டுக்கோட்டை வரும்போது எனக்கு விழிப்பு வந்துவிடும். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் கார் பந்தயத் தளம் அங்கே இருக்கிறது. 1990-இல் திறந்தது. நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். ஆனாலும் பட்டுக்கடை முதலாளிகளில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்த பந்தயம் அதற்கும் முந்தியது. செங்குன்றம் தாண்டி, கல்கத்தா ரோட்டில், சோழவரத்தில் நடந்தது.

சோழவரத்தில் இருந்தது ஒரு விமான ஓடுதளம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்டது. போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன, தளம் மட்டும் கிடந்தது. 1953-இல் தொடங்கிய கிளப் அதைப் பந்தயத்துக்குப் பிடித்துக்கொண்டது. மர நிழல் கிடையாது. குடை கொண்டுபோக வேண்டும், சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும். கோண்டல் மகாராஜா அங்கே ஓட்டினார். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். கோயம்புத்தூர் கரிவரதன் அங்கே ஓட்டிப் பெயர் எடுத்தவர். ஆனால் கூட்டத்துக்கு அதிகப் பிரியம் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு பந்தயங்கள் மேல்தான். நாம் ரோட்டில் பார்க்கிற வண்டி அல்லவா!

ஹெரால்டு நம் செங்கல்பட்டு மாவட்டத்து வண்டி. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆலையில் 1961-இலிருந்து செய்தார்கள். இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். உருவம் வரைந்தவர் மிக்கலோத்தி என்ற இத்தாலியர். 948 சி.சி. எஞ்சின். இருபத்தைந்து அடி அகலத்துக்குள் முழு வட்டம் திரும்பும். நம் சந்துகளை மனதில் வைத்துச் செய்தது போலவே இருக்கும். பானெட் என்றால் மூடி மட்டும் திறக்காது. இரண்டு மட்கார்டும் விளக்கும் சேர்ந்து மொத்த முன்பக்கமும் முதலை வாயைப் போலத் தூக்கிக்கொள்ளும். மெக்கானிக் முன் டயர்மேல் உட்கார்ந்து, திண்ணையில் பூத்தொடுப்பது மாதிரி, சாவகாசமாக வேலை பார்க்கலாம்.

இன்னொரு விசேஷம் உண்டு. இதே ஹெரால்டு சேசிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, மேலே வேறு பாடி போட்டு, 1962-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை இறக்கினார்கள். அந்தச் சங்கதியை ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் படித்ததிலிருந்து என் நண்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ராஜ வீதியில் அவன் அப்பாவுக்குப் பட்டுக்கடை. வீட்டில் இரண்டு கதவு ஹெரால்டு ஒன்று இருந்தது. "நம்மகிட்ட இருக்கறதே பாதி ஸ்போர்ட்ஸ் கார்டா" என்பான்.

வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க அன்று வழியில்லை. சுதந்திரம் வந்த கையோடு கார் இறக்குமதியைச் சர்க்கார் நெருக்கிவிட்டது. இங்கே உதிரிபாகம் செய்ய மனமில்லாத கம்பெனிகள் 1953, 54 வாக்கில் மூட்டை கட்டின. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு இரண்டுமே அப்படிப் போனவைதான். அதனால் சோழவரத்து 'ரேஸ் கார்'களில் பெரும்பாலானவை வீட்டுக் கார்களே. சீட்டைக் கழற்றி எடை குறைப்பார்கள், ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷன் ஏற்றுவார்கள், சைலன்ஸரை மாற்றுவார்கள். நண்பன் புதுப்பேட்டையில் அலைந்து, எந்த வெளிநாட்டு வண்டியிலிருந்தோ கழற்றிய ஜோடிக் கார்புரேட்டர் வாங்கி வந்து மாட்டினான். அப்பாவிடம் சொன்ன விலை வேறு.

மாட்டிக் கொடுத்தவர் பாய். காஞ்சிபுரத்தில் அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர்களுக்கு அவர் ஷெட் தெரியும். என்னை 'கிளார்க் சார்' என்பார். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், பிளக்கைக் கையில் எடுத்தால் "இதுக்கு உங்க பாஷையில என்ன சார்?" என்று கேட்பார். பிரெஞ்சில் அதற்குப் 'பூஜி' என்று பெயர். மெழுகுவர்த்திக்கும் அதுதான் வார்த்தை. இதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. 'ஷோஃபர்' என்பதும் பிரெஞ்சுதான். சூடேற்றுகிறவன் என்று அர்த்தம், ரயில் எஞ்சினில் கரி தள்ளுகிற ஆளுக்கு இருந்த பெயர். ஆதிகால மோட்டார்களில் ஒரு சிறு குழாயைப் பர்னர் வைத்துப் பழுக்கக் காய்ச்சித்தான் பெட்ரோல் புகையைப் பற்றவைத்தார்கள். வண்டியைக் கிளப்புவதே ஓர் அடுப்படி வேலை.

அந்தத் தொல்லையைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1910 வாக்கில் பேட்டரி, காயில், பாயிண்ட் மூன்றையும் வைத்து ஓர் ஏற்பாடு செய்தார். 1912 காடிலாக் காரில் அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. ஹேண்டில் போட்டுக் கையை உடைத்துக்கொள்ளும் கஷ்டம் அதோடு குறைந்தது. ஐம்பது அறுபது வருஷம் கழித்து நம் ஹெரால்டில் இருந்ததும் அதே கெட்டரிங் ஏற்பாடுதான். காயிலுக்கு 12 வோல்ட் போய்க்கொண்டிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் திறந்த நொடியில் அது அறுபடும். அறுபட்ட அதிர்ச்சியில் காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பிப் பிளக்கில் பொறியாக விழும். பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. கேஜ் இல்லாத இடத்தில் பாய் போஸ்ட் கார்டைச் செருகிப் பார்ப்பார்.

பந்தயத்தன்று விடியற்காலை காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பினோம். நான், நண்பன், பாய் மூவரும். எனக்கு அது கேஷுவல் லீவு. சோழவரம் வரை வண்டி பட்டுப்போல வந்தது. எண் ஒட்டினார்கள், பரிசோதனை முடிந்தது, ஓரமாக நிறுத்தினோம். முறை வந்து கூப்பிட்டபோது செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. சுற்றச் சுற்ற வெறும் காற்றுச் சத்தம்தான்.

"தம்பி, முதல்ல கரன்ட் பார்த்துடலாம்" என்றார் பாய்.

நண்பன் கேட்கவில்லை. புதிதாக மாட்டிய கார்புரேட்டர்தான் காலை வாரிவிட்டது என்று அவன் தீர்மானமாக நம்பினான். பக்கத்து வண்டிக்காரர்களும் அதையே சொன்னார்கள். வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொண்டது, ஈரத்துணி போடு என்றார் ஒருவர். அதுவும் சோழவரத்தில் சகஜம்தான், துணி நனைத்துப் போட்டோம். ஜோடிக் கார்புரேட்டர் இரண்டையும் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டியதில் அரை மணிக்கு மேல் ஓடிவிட்டது. கார்கள் வரிசைக்கு நகர ஆரம்பித்தன. நண்பன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தறியைத் தவிர எதையும் நினைக்காதே என்று சொன்ன அப்பாவுக்குத் தெரியாமல் பெயர் கொடுத்திருந்தான்.

அதற்கப்புறம்தான் பாய் டயர்மேல் ஏறி உட்கார்ந்தார். பிளக் வயரைக் கழற்றி எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். பொறி இல்லை. காயிலின் நடு வயரைப் பிடித்தார், அதிலும் இல்லை. ஆகவே கார்புரேட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பையிலிருந்து இரண்டு வயர் கோத்த சின்ன பல்பை எடுத்தார். காயிலில் வைத்தால் எரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியே வயர் நுழைகிற முனையில் வைத்தால், பாயிண்ட் மூடியிருக்கும்போதும் எரிந்தது. மூடியிருந்தால் கரன்ட் பாடிக்குப் போய் பல்பு அணைய வேண்டும். உள்ளே பாயிண்ட் ஸ்பிரிங்கில் வைத்தார், எரியவேயில்லை. வெளி முனைக்கும் பாயிண்டுக்கும் நடுவில் இருப்பது இரண்டு அங்குல வயர் ஒன்றுதான். பார்வைக்கு முழுசாக இருந்தது. நூல் உறை கூடக் கிழியவில்லை. விரலால் வளைத்தார். உள்ளே செம்பு இழைகள் அறுந்து, உறை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

அது அறுந்ததற்கும் காரணம் உண்டு. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு கொஞ்சம் திரும்பும், வயரும் கூடவே வளையும். வருஷக்கணக்கில் வளைந்தால் எதுதான் தாங்கும்? வரும்வரை இழை முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன, நிறுத்தியபோது விலகிவிட்டன.

நண்பன் அந்த வயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜரிகை பார்க்கிற கை அது. பட்டு இழைமேல் வெள்ளித் தகட்டைச் சுற்றியதுதான் ஜரிகை. மேலே பளபளப்பாக இருந்தாலும் உள் இழை போயிருந்தால் நகத்தில் இழுத்ததும் தெரிந்துவிடும். "கடையில இப்படி வந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேன் பாய்" என்றான். பாய் பதில் சொல்லவில்லை. பல்பு வயரையே வெட்டி, முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றிக்கொண்டிருந்தார்.

வண்டி ஒரே சுற்றில் பிடித்தது. அந்த நேரம் எங்கள் பந்தயத்தில் நாலாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. மிச்சத்தை நின்று பார்த்தோம். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டு, அதே டேப் சுற்றிய வயரோடு காஞ்சிபுரம் வந்து சேர்ந்தோம். வழியில் நண்பன் பாயிடம் ஒன்றும் பேசவில்லை. பூந்தமல்லியில் டீ வாங்கிக் கொடுத்தான், அதுதான் மன்னிப்பு.

பிறகு எல்லாம் மாறிப்போயிற்று. ஹெரால்டுக்குப் பின் கேஸல் வந்தது, 1985-இல் பெரிய ஸ்டாண்டர்டு 2000 வந்து விலைபோகாமல், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆலையே மூடிற்று. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கரிவரதன் அந்த எஞ்சினை வைத்தே ஒற்றை சீட்டு ஃபார்முலா மாருதி கார்களைக் கோவையில் செய்தார். 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் போனது பெரிய நஷ்டம். அதே கோவையிலிருந்து நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்கே போனார். இப்போது பாயிண்டும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. வண்டி கிளம்பாவிட்டால் கம்ப்யூட்டரை மாட்டி எண் பார்க்கிறார்கள். அந்த எண்ணும் எந்தப் பக்கம் தேடுவது என்றுதான் சொல்லும். வயரை வளைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது என்று, பாயின் ஷெட்டை இப்போது நடத்தும் அவர் பேரன் சொல்கிறான்.

அடுத்த வருஷமும் நண்பன் சோழவரம் போனான், இந்த முறை அப்பாவுக்குச் சொல்லிவிட்டு. எனக்கு லீவு கிடைக்கவில்லை. பதினொரு கார்கள் ஓடியதில் இவன் ஏழாவது. கிளம்புவதற்கு முந்தின நாள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, வயரை அவனே வளைத்துப் பார்த்தானாம்.